முதல் றேஸுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து போறாக்களுக்கு: கொடி கண்ணில படுறதுக்கு என்ன செய்யவேணும்

என்ட முதல் மீற்றில (றேஸ் நடத்துற நிகழ்வை மீற் எண்டுதான் சொல்லுறது) மூண்டாவது சுத்து. முன்னால போன வெள்ளைக் காரை ரெண்டாவது முடக்குக்குள்ள உள்பக்கத்தால விட்டு முந்திப்போட்டன், சரியான சந்தோசம், றேஸ் முடிஞ்சு வந்து ஹெல்மெற்றைக் கழட்ட முதலே ஒரு அலுவலர் வந்து கூப்பிட்டார். அந்த முடக்கில மஞ்சள் கொடி ஆட்டினபடியே இருந்ததாம், கொடிக்குக் கீழ ஆளை முந்தினதுக்கு 30 செக்கன் கூட்டிப் போட்டிட்டினம். நான் சத்தியமாக் கொடியைக் காணேல்ல, அதைத்தான் சொன்னன். பக்கத்தில நிண்ட மார்ஷல் பெடியன், ட்ராக்கோரம் கொடி காட்டுற ஆள், இருபது வயசும் இராது, மெதுவாச் சொன்னான், "அய்யே, மம எத்தன ஹிட்டியா" எண்டு. அண்ணை, நான் அதிலதான் நிண்டனான் எண்டு அர்த்தம். புல்லுக்க இறங்கின ஒரு காரை இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து தள்ளிக்கொண்டு நிண்டவன். நான் அவனுக்கு ரெண்டு முழம் தள்ளிப் போயிருக்கிறன்.

30 செக்கன் போனது எனக்குப் பெரிசாத் தெரியேல்ல. அந்தப் பெடியன்ட சொல்லு இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது.

இப்ப எங்கட பக்கத்துப் பெடியள் கனபேர் றேஸ் ஓடப்போறன் எண்டு கேக்கினம். எல்லாரும் கேக்கிறது எஞ்சின், ரயர், எவ்வளவு காசு. ஒருத்தரும் கொடியைப் பற்றிக் கேக்கிறேல்ல, நானும் அப்ப கேக்கேல்ல. அதால பேப்பர் வேலையில இருந்து கடைசி வரைக்கும் வரிசையாச் சொல்லுறன், ஆனா எல்லாத்துக்குள்ளயும் கொடி வரும்.

1. ரெண்டு மாதத்துக்கு முதல்: பேப்பர் வேலை

முதல் எந்த மீற் எண்டு முடிவெடுங்கோ. தார் ட்ராக்கில ஓடுறதெண்டா களுத்துறைக்குப் பக்கத்தில கட்டுக்குருந்த. மண் ட்ராக்கில சுப்பர்குரொஸ் எண்டா எங்களுக்குக் கிட்ட அனுராதபுரம் சாலியபுரவில நடக்கிற கஜபா எண்ட மீற். எம்பிலிப்பிட்டிய, தியத்தலாவை எல்லாம் தூரம். மலையேத்தம் எண்டா நுவரெலியாப் பக்கம். முதல் தரம் போறாக்கள் தூரத்தைப் பாத்து முடிவெடுத்தாலும் பிழையில்லை, ஏனெண்டு கீழ சொல்லுறன்.

ஒவ்வொரு மீற்றுக்கும் நடத்துற கிளப் ஒரு விதிமுறைப் புத்தகம் விடும், எல்லாரும் எஸ்.ஆர். எண்டுதான் சொல்லுவினம். அதைக் கையில எடுக்காமல் ஒரு சதமும் கட்டாதேங்கோ. போட்டி லைசன்ஸ் ஆரிட்ட எடுக்கிறது, எந்த வகுப்புக்கு என்ன கார், என்ட்ரி எப்ப பூட்டுறது, ஹெல்மெற் என்ன தரம், கொடி ஒவ்வொண்டுக்கும் அந்த மீற்றில என்ன அர்த்தம், தண்டனை என்ன, எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. நான் வகுப்பையும் காசையும் மட்டும் பாத்திட்டு மூடி வைச்சனான்.

சேர்த்து வையுங்கோ: அடையாள அட்டை, றோட்டில ஓடுற ட்ரைவிங் லைசன்ஸ், பாஸ்போட் சைஸ் படம் ஒரு ஆறு, இரத்த வகை எழுதின துண்டு, மெடிக்கல், போட்டி லைசன்ஸ், காரின்ட புத்தகம், உங்களுக்கு ஏதும் நடந்தா ஆருக்கு அறிவிக்கிறது எண்டு ஒரு பேரும் நம்பரும். எல்லாத்திலயும் ரெண்டு போட்டோக்கொப்பி. ட்ராக்கடியில போட்டோக்கொப்பிக் கடை இராது.

மெடிக்கலுக்குப் போகேக்க, பாரமும் பிரஷரும் பாத்திட்டுக் கையெழுத்து வைக்கிற மாதிரியெண்டா நீங்களாக் கேளுங்கோ, கண்ணைச் சோதியுங்கோ, நிறமும் சோதியுங்கோ எண்டு. புள்ளி புள்ளியா நிறத்துக்குள்ள நம்பர் ஒளிச்சிருக்கிற இஷிஹாரா படம் எண்டு ஒண்டு இருக்கு, அஞ்சு நிமிசம் போதும். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் குறைவாத் தெரியிற ஆம்பிளையள் கொஞ்சநஞ்சமில்லை, கனபேருக்குத் தங்களுக்கு அப்பிடி இருக்கெண்டே தெரியாது. சிவப்புக் கொடி எண்டா றேஸ் நிப்பாட்டு, பச்சை எண்டா பாதை சரி. அதில மாறிப்போனா என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

கண்ணாடி போடுறாக்கள் ஹெல்மெற்றுக்குள்ள போகக்கூடிய மாதிரிச் சட்டம் எடுங்கோ. கடையில ஹெல்மெற் வாங்கேக்கயே கண்ணாடியோட போட்டுப் பாருங்கோ.

2. காசு

எனக்குப் போனதைச் சொல்லுறன், இது என்ட கணக்கு மட்டும்தான், நீங்கள் போகேக்க மாறியிருக்கும். ஏசி பஸ் யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு ஒரு பக்கம் மூவாயிரத்துக்குக் கிட்ட. கை மாறின ஹெல்மெற் நாப்பத்தையாயிரம், கை மாறின ஓவரோல் (றேஸுக்குப் போடுற முழு உடுப்பு) அதைவிடக் கொஞ்சம் குறைவு. அறை ஒரு இரவுக்கு ஆறாயிரம். கார் அங்கத்தை ஒரு மெக்கானிக்கிட்ட நிக்குது, அதால லொறிக்கூலி இல்லை. இஞ்ச இருந்து ஏத்திக்கொண்டு போறதெண்டா மிச்ச எல்லாச் செலவையும் விட அந்தக் கூலிதான் பெரிசா வரும். லைசன்ஸ் காசும் என்ட்ரியும் வருசா வருசம் மாறுறது, எஸ்.ஆரைப் பாருங்கோ.

ரெண்டு இடத்தில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ.

ஒண்டு ஹெல்மெற். ஸ்நெல் எண்ட ஹெல்மெற் தர முத்திரையில எஸ்ஏ எண்டு இருந்தா கார் றேஸுக்கு, எம் எண்டு இருந்தா மோட்டச்சைக்கிளுக்கு. எஸ்ஏ-யில நெருப்புச் சோதனையும் சேர்ந்திருக்கு. மோட்டச்சைக்கிள் ஹெல்மெற்றோட போய் றேஸுக்கு முதல் நடக்கிற சோதனையில திருப்பி அனுப்பினாக்களைக் கண்டிருக்கிறன். ஹெல்மெற்றின்ட முன்கண்ணாடி, வைசர், கறுப்பெண்டா வடிவாத்தான் இருக்கும், ஆனா மரநிழலுக்குள்ள நிக்கிற மார்ஷலை அது விழுங்கிப்போடும். நிறமில்லாத வைசர் எடுங்கோ, மேல வெயிலுக்கு ஒரு பட்டி ஒட்டுங்கோ.

மற்றது அந்த ஆறாயிரம் ரூவா அறை. நான் முதல் தரம் அறை எடுக்கேல்ல. சனி இரவு பஸ் ஏறி, விடிய அஞ்சு மணிக்குப் புறக்கோட்டையில இறங்கி, அடுத்த பஸ் பிடிச்சு, ஏழு மணிக்குக் கார்ச் சோதனைக்கு நிண்டன். பஸ்ஸில நித்திரையே இல்லை. அண்டைக்குத்தான் கொடி கண்ணில படேல்ல. நித்திரை இல்லாட்டில் கண் முன்னால போற காரின்ட பின்பக்கத்தில ஒட்டிக்கொண்டு நிக்கும், அக்கம்பக்கம் எல்லாம் போயிடும். நானூறு கிலோமீற்றர் பஸ்ஸில வாற எங்களுக்கு இது கொழும்பு ஆக்களை விடப் பெரிய பிரச்சினை. வெள்ளிக்கிழமை இரவு வெளிக்கிட்டு, சனி பகல் ட்ராக்கைப் பாத்திட்டு, சனி இரவு படுங்கோ.

3. கொடியள்: மனப்பாடம்

சர்வதேச விதி இப்பிடி. ஒரு மஞ்சள் கொடி ஆட்டினா வேகத்தைக் குறை, முந்தாதே, வேற பக்கத்தால எடுக்க ஆயத்தமா இரு. ரெண்டு மஞ்சள் கொடி சேர்த்து ஆட்டினா நல்லாக் குறை, முந்தாதே, நிப்பாட்டக்கூடிய மாதிரி வா, ஏனெண்டா பாதை பாதியோ முழுசோ அடைபட்டிருக்கு, இல்லாட்டில் மனிசர் பாதையில நிக்கினம். சிவப்பு எண்டா எல்லாம் நிண்டுது, உடன குறைச்சு முந்தாமல் பிற்றுக்கு (ட்ராக்கோரம் காரைத் திருத்துற இடத்துக்கு) வா. மஞ்சளில சிவப்புக் கோடு எண்டா வழுக்குது, எண்ணெய் அல்லது தண்ணி. நீலம் எண்டா உன்னை விடக் கெதியா ஒருத்தன் பின்னால வாறான். வெள்ளை எண்டா முன்னால மெதுவா ஒரு வண்டி போகுது. கறுப்பில செம்மஞ்சள் வட்டமும் உங்கட நம்பரும் எண்டா காரில ஏதோ உடைஞ்சு தொங்குது, உள்ள வா. வெறும் கறுப்பும் நம்பரும் எண்டா அலுவலர் கூப்பிடினம். பச்சை எண்டா ஆபத்து முடிஞ்சுது.

மோட்டச்சைக்கிள் ஓடுறாக்களுக்குச் சில கொடி வேற மாதிரி, சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளைக்கொடியும் அதில வரும். காரில இருந்து பைக்குக்கு மாறுறவை கட்டாயம் திரும்பப் படியுங்கோ.

ஒண்டுக்கும் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லேசா நினையாதேங்கோ. 2021 கட்டார் ஃபோர்முலா வண் றேஸுக்கு ஆர் எந்த இடத்தில வெளிக்கிடுறது எண்டு முடிவெடுக்கிற குவாலிஃபையிங்கில ரெண்டு மஞ்சளுக்குக் குறைக்காத வெஸ்டாப்பனுக்கு 5 இடம் பின்னுக்கு, ஒரு மஞ்சளுக்குக் குறைக்காத பொட்டாஸுக்கு 3 இடம் பின்னுக்கு.

4. சிங்களச் சொல்லுகள், இதில ஒரு பொறி இருக்கு

ஓட முதல் ஓட்டுநரைக் கூட்டி விதி சொல்லுற பிறீஃபிங் முக்கால்வாசி சிங்களத்தில போகும், நடுவில கொஞ்சம் இங்கிலிஷ் வரும். என்ட சிங்களம் பஸ் கொண்டக்டரோட கதைக்கிற அளவுதான், அதால பின்வரிசையில நிண்டு தலையாட்டினன். நீங்கள் முன்னால போய் நில்லுங்கோ, விளங்காட்டில் கை உயர்த்திக் கேளுங்கோ, ஒருத்தரும் ஏசமாட்டினம்.

கொடிய எண்டா கொடி, அது எங்கட சொல்லுத்தான். கஹ எண்டா மஞ்சள். சுது வெள்ளை, களு கறுப்பு, கொல பச்சை. ரத்து எண்டா சிவப்பு, எங்கட பாசையில ரத்து எண்டா நிப்பாட்டுறது, அது தானா மனசில நிக்கும். பொறி எங்க எண்டா நீலத்தில. சிங்களத்தில நீலத்துக்கு நில் எண்டு சொல்லுறது. "நில் கொடிய" எண்டு கேட்டவுடன எங்களுக்கு நில்லு எண்டு விளங்கும். ட்ராக் நடுவில நிண்டிடாதேங்கோ! நீலக் கொடிக்கு உங்கட கோட்டில ஒழுங்கா, திடீரெண்டு வெட்டாமல் போய், பின்னால வாறவனுக்கு இடம் விட்டாச் சரி. "இஸ்ஸர கரன்ன எபா" எண்டா முந்தாதே. "ஹெமின்" எண்டா மெதுவா. இவ்வளவையும் கைத்தொலைபேசியில எழுதி வைச்சு பஸ்ஸில போகேக்கப் பாருங்கோ.

5. ஓடுறதுக்கு முதல் ஒரு நாள் கொடியடியில (மார்ஷல் கொடியோட நிக்கிற இடத்தில) நில்லுங்கோ

இந்த முழுக் கட்டுரையிலயும் ஒண்டை மட்டும் செய்யிறதெண்டா இதைச் செய்யுங்கோ. சிலோன் மோட்டர் ஸ்போர்ட்ஸ் கிளப் மாதிரிப் பழைய கிளப்புகளோ, ஸ்லார்டார் எண்டு சொல்லுற ஓட்டுநர் சங்கமோ, ஆர் நடத்தினாலும் மார்ஷல் ஆக்கள் எப்பவும் தேவைதான். ஒரு மாதத்துக்கு முதலே கேளுங்கோ, நான் யாழ்ப்பாணத்து ஆள், புதிசு, ஒரு நாள் உதவிக்கு நிக்கலாமோ எண்டு. பஸ் காசைத் தவிர எனக்கு ஒண்டும் செலவாகேல்ல. அந்த 30 செக்கன் வாங்கினதுக்குப் பிறகு அடுத்த மீற்றுக்கு நான் ஓடப் போகேல்ல, இப்பிடித்தான் போய் நிண்டன்.

அங்க நிண்டா ஒரு விசயம் விளங்கும். கொடியைக் கண்டவனையும் காணாதவனையும் காதால பிரிக்கலாம். கொடி ஆட்டேக்க வாற காரின்ட சத்தம் ஒரு கணம் இறங்கும், அதுதான் கண்டிட்டான் எண்டுறதுக்கு அடையாளம். சத்தம் இறங்காமல் வந்தா எங்களோட நிண்ட மூத்த மார்ஷல் "பின்னுக்கு, பின்னுக்கு" எண்டு எங்களை இழுப்பார். அண்டைக்கு முழுக்க நான் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான். பழக்கமான ஓட்டுநரில கனபேர் கொடிக்கு முதலே குறைச்சிடுவினம், அவை புழுதியைப் பாக்கினம், முன்னால போறவன்ட பிறேக் லைற்றைப் பாக்கினம். புதுசா ஓடுறாக்களில சத்தம் இறங்காத கார் கனக்க. கூட்டமா ஆறேழு கார் ஒட்டிக்கொண்டு வந்தா முன்னுக்கு வாறவன் காணுவான், நடுவில உள்ளவனுக்கு மற்றவன்ட பம்பர்தான் தெரியும்.

இன்னொரு வகை இருக்கு. காணுவான், தலையைத் திருப்பிப் பாக்கிறது எங்களுக்கே தெரியும், ஆனா காலை எடுக்கமாட்டான். மற்றவன் எடுக்கிறானில்லை, நான் ஏன் எடுக்கவேணும் எண்டு. 2019 மெக்சிக்கோ குவாலிஃபையிங்கில வெஸ்டாப்பன் முதலிடம் எடுத்திட்டு, பொட்டாஸ் இடிச்சது தெரியும், வேகத்தைக் குறைக்கேல்ல எண்ட மாதிரி வாயாலயே சொல்லிப்போட்டார், 3 இடம் பின்னுக்குப் போனார். உலகத்திலேயே கெட்டிக்கார ஓட்டுநருக்கும் அந்த ஆசை வருதெண்டா எங்களுக்கும் வரும். வரும் எண்டு தெரிஞ்சுகொண்டு போங்கோ.

எங்கட நாட்டில நடந்ததை நான் விரிச்சுச் சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்பிரல் 21, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ். ஒரு கார் பிரண்டு, மஞ்சள் எச்சரிக்கை காட்டிக்கொண்டு நிக்கேக்க இன்னொரு கார் பாதையை விட்டு சனத்துக்குள்ள போனது. 7 பேர் செத்துப்போச்சினம், அதில 8 வயசுப் பிள்ளை ஒண்டு, மீற் அலுவலர்களும் இருந்தவை. அந்தச் செய்தியை வாசிச்ச அண்டைக்கு எனக்கு அந்தப் பெடியன்ட முகம்தான் வந்தது.

6. முதல் நாள் ட்ராக்கைக் காலால நடவுங்கோ

காரில சுத்திப் பாத்தாக் காணாது. நடக்கேக்க ஒவ்வொரு கொடியடியிலயும் நிண்டு நம்பரைப் பாருங்கோ, இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டு எழுதுங்கோ. பிறகு அம்பது அறுபது அடி பின்னுக்குப் போய், கார் சீற் உயரத்துக்குக் குந்தி இருந்து பாருங்கோ. நிண்டு பாக்கேக்கத் தெரியிற கொடி, குந்தினா விளம்பரப் பலகைக்குப் பின்னால போயிடும். பின்னேர வெயில் எந்தப் பக்கத்தால முகத்தில அடிக்கும் எண்டதையும் பாருங்கோ, பின்னேரம் ஓடுற வகுப்பெண்டா இது முக்கியம்.

சர்வதேச விதிப்படி சாதாரணக் கொடி குறைஞ்சது 60 சதமமீற்றருக்கு 80, பேப்பரை விரிச்சுப் பிடிச்ச அளவுதான். ஒரு கொடியடிக்கும் அடுத்ததுக்கும் இடையில 500 மீற்றருக்கு மேல இருக்கக்கூடாது. மணிக்கு 144 கிலோமீற்றரில போனா செக்கனுக்கு 40 மீற்றர். 120 மீற்றருக்கு அங்கால கொடி தெரிஞ்சாலும் உங்களுக்கு இருக்கிறது மூண்டு செக்கன், அதுவும் பிறேக் பிடிக்கிற இடத்தில கண் முடக்கின்ட உள்பக்கத்தைத் தேடிக்கொண்டு நிக்கும். அதால கொடி தானா வந்து கண்ணில விழும் எண்டு இருக்காதேங்கோ, நீங்கள்தான் போய்ப் பாக்கவேணும்.

நான் செய்யிறது இது. ஒரு தாளில ட்ராக்கைக் கீறி, கொடியடி ஒவ்வொண்டுக்கும் புள்ளி வைச்சு, ஒவ்வொண்டையும் எந்த இடத்தில இருந்து பாக்கவேணும் எண்டு குறிக்கிறன். நேர்ப்பாதை தொடங்கேக்க ஒண்டு, பிறேக் பிடிக்க முதல் ஒண்டு, முடக்கால வெளிய வரேக்க ஒண்டு. இரவு அறையில கண்ணை மூடிக்கொண்டு பத்துச் சுத்து மனசால ஓடுவன், கொடியடி வாற இடத்தில நம்பரை வாயால சொல்லுவன்.

7. ஓடேக்க

ஏ9 றோட்டில இரவில போகேக்க றோட்டில மரக்கொப்பு முறிச்சுப் போட்டுக் கிடந்தா என்ன செய்வீங்கள்? லொறி பழுதாகி நிக்குது எண்டு லொறியைக் காண முதலே காலை எடுப்பீங்கள். கொப்பைக் கண்டிட்டு, லொறி தெரியட்டும் பிறகு பாப்பம் எண்டு ஒருத்தரும் போறேல்ல. மஞ்சள் கொடியும் அதுதான். ஆபத்து கண்ணுக்குத் தெரியத் தேவையில்லை, கொடி தெரிஞ்சாப் போதும்.

கண்டவுடன காலை எடுங்கோ, எடுத்தது வெளிய தெரியிற மாதிரி எடுங்கோ. திடீரெண்டு பிறேக்கை மிதிச்சா பின்னால வாறவன் ஏறுவான், அதால முதல் கால், பிறகு பிறேக். பின்னால வாறவனுக்குக் கை காட்ட ஏலுமெண்டாக் காட்டுங்கோ. முன்னால போறவன் நிலை தடுமாறிப் பாதி வேகத்துக்கு வந்தாலும் முந்தாதேங்கோ, உங்களுக்கு முந்தினமாதிரித் தெரியாட்டிலும் மார்ஷல் எழுதுவார். ஆபத்தைத் தாண்டி பச்சைக்கொடி தெரியும் மட்டும் அப்பிடியே போங்கோ. கனபேர் இடிபட்ட காரைத் தாண்டின உடன மிதிக்கினம், அங்கால இன்னொருத்தன் நிக்கலாம்.

ரெண்டு சைகை ஒண்டுக்கொண்டு முரணா இருந்தா? 2020 ஒஸ்ரியா ஃபோர்முலா வண் குவாலிஃபையிங்கில ஹமில்ட்டனுக்கு மஞ்சள் கொடியும் இருந்தது, பச்சை விளக்கும் தெரிஞ்சது, முதல் விட்டிட்டினம், பிறகு காரின்ட கமெராப் படம் வந்து 3 இடம் பின்னுக்குப் போட்டவை. எங்களுக்கு அதில இருந்து எடுக்கவேண்டியது சின்ன விசயம்: சந்தேகம் எண்டா மஞ்சளைத்தான் நம்புங்கோ.

மீட்பு வண்டி ட்ராக்கில நிண்டா இன்னும் கவனம். 2014 சுசூக்காவில மழைக்குள்ள, ரெண்டு மஞ்சள் ஆடிக்கொண்டிருந்த இடத்தில, ஃபோர்முலா வண் ஓட்டுநர் பியாங்கி வழுக்கிப்போய் இன்னொரு காரைத் தூக்க வந்த வண்டியில மோதினவர், 2015 யூலையில காலமானார். விசாரணைக் குழு சொன்ன காரணங்களில ஒண்டு, கட்டுப்பாடு போகாத அளவுக்கு வேகம் குறைக்கேல்ல எண்டது. அவர் கொஞ்சமாவது குறைச்சவர்தான். கொஞ்சம் காணாது.

மண் ட்ராக்கில புழுதிக்குள்ள கொடியே தெரியாது. முன்னால புழுதி சுவர் மாதிரி எழும்பினா அதையே மஞ்சள் எண்டு எடுங்கோ. ஒரு இடம் போகும், போகட்டும்.

8. முடிஞ்ச பிறகு

தண்டனை வந்தாச் சத்தம் போடாதேங்கோ. காரில கமெரா பூட்டியிருந்தா படத்தை முதல் நீங்கள் பாருங்கோ. என்ட படத்தில கொடி வடிவாத் தெரிஞ்சது, நாலு தரம் ஆடுது, நான்தான் காணேல்ல. கமெரா இல்லாட்டில் பிழை ஆரில எண்டு எனக்குக் கடைசிவரை விளங்கியிராது, ஒரு மலிவான கமெராவாவது பூட்டுங்கோ, ஆனா பூட்டுறதுக்குச் சோதனையில அனுமதி எடுங்கோ.

முடிவுத்தாளில உண்மையாவே பிழை இருந்தா முறையீடு எழுத்தில குடுக்கலாம், காசும் கட்டவேணும். சர்வதேச விதியில முடிவு ஒட்டி 30 நிமிசத்துக்குள்ள குடுக்கவேணும், உங்கட மீற்றில எவ்வளவு நேரம் எண்டு எஸ்.ஆரில பாருங்கோ. அதால ஓடி முடிஞ்ச கையோட பஸ்ஸுக்கு வெளிக்கிடாதேங்கோ. முடிவுத்தாள் ஒட்டுறதுக்கு எனக்கு ஒருக்கா பின்னேரம் ஆறரை ஆச்சு, ஒன்பது மணி பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிச்சன். ஞாயிறு இரவு யாழ்ப்பாணம் வாற பஸ் கெதியா நிரம்பும், போகேக்கயே வாற சீற்றையும் புக் பண்ணுங்கோ, ஏலுமெண்டா திங்கள் காலமைக்குப் போடுங்கோ. வெளிக்கிட முதல் ரெண்டு சோடாப் போத்தல் வாங்கிக்கொண்டு உங்கட பக்கத்துக் கொடியடிக்குப் போய், நான் எந்தெந்தச் சுத்தில காலை எடுத்தனான், எதில எடுக்கேல்ல எண்டு கேளுங்கோ. அவைக்கு ஞாபகம் இருக்கும்.